நன்றியும் நோக்கமும்: ஒரு கிறிஸ்தவப் பல்கலைக்கழகம் எதை மறக்கக் கூடாது?

தமிழ்நாட்டில் ஒரு கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக இருக்கும் திருகோணமலைத் தம்பி ஒருவர் எழுதிக் கேட்டது இது: "சேர், எங்கள் நிறுவுநர் நாள் ஏற்பாட்டுக் குழுவில் என்னையும் போட்டிருக்கிறார்கள். இந்த வருடக் கருப்பொருள் நன்றியும் நோக்கத்தில் நிலைத்திருத்தலும். இரண்டையும் ஏன் ஒன்றாகச் சேர்த்தார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. காசு தந்தவர்களை நினைப்பது நன்றி, அவர்கள் சொன்னபடி நடப்பது நிலைத்திருத்தல் என்றுதான் குழுவில் பலர் கதைக்கிறார்கள். அவ்வளவுதானா? இன்னொன்று, எங்கள் துறையில் நெடுங்காலமாகப் படிப்பிக்கும் முஸ்லிம் சகோதரி ஒருவரை நன்றி வழிபாட்டில் பேச அழைக்கலாமா?"

தம்பி, அவ்வளவு மட்டும் இல்லை. இரண்டையும் சேர்த்த ஆள் யாராக இருந்தாலும் சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறார். குழுவில் சொல்லப்படும் விளக்கம்தான் எனக்குக் கவலை தருகிறது. காசு தந்தவருக்குக் கீழ்ப்படிவது நன்றி என்று ஒரு பல்கலைக்கழகம் நம்பத் தொடங்கினால், அடுத்த பெரிய தொகையோடு வருகிறவர் அதன் நோக்கத்தையும் சேர்த்து வாங்கிக்கொண்டு போவார்.

நான் இப்படிப் பார்க்கிறேன். தன்னிடம் இருப்பதெல்லாம் பிறர் கையிலிருந்து பெற்றது என்று அறிந்த நிறுவனம், இதை எதற்காகத் தந்தார்கள் என்று அடிக்கடி கேட்டுக்கொள்ளும். எல்லாம் தன் திறமையால் வந்தது என்று நினைக்கிற நிறுவனத்துக்கு அந்தக் கேள்வியே எழாது. உபாகமம் எட்டாம் அதிகாரத்தில் மோசே மக்களை எச்சரிப்பது இதைப் பற்றித்தான். வனாந்தரத்தில் பசியோடு நடந்தபோது அல்ல, நல்ல வீடுகளைக் கட்டி, ஆடுமாடு பெருகி, வெள்ளியும் பொன்னும் சேர்ந்த பிறகுதான் ஆண்டவரை மறக்கிற ஆபத்து வரும், என் கைப்பலம்தான் இதைச் சம்பாதித்தது என்று அப்போதுதான் சொல்லத் தோன்றும் என்கிறார். கிறிஸ்தவக் கல்வி நிறுவனங்களின் வரலாற்றைப் புரட்டினால் இதுவே திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது. ஓலைக்கொட்டிலில் நடந்த காலத்தில் நோக்கம் தெளிவாக இருக்கும். குளிரூட்டிய மண்டபம் வந்த பிறகுதான் அது மங்கும்.

கொடையாளர் விஷயத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். நம் ஊருக்கு நெருங்கிய ஒரு மரபு இதில் உதவும். 1893இல் உருவான திருகோணமலை மறைமாவட்டம் பிரெஞ்சு யேசு சபைத் துறவிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. நான் மெதடிஸ்தன் என்றாலும், இங்கே படிப்பித்த எவரும் யேசு சபையாரின் கல்வி முறையின் சாயலைத் தொடாமல் போயிருக்க முடியாது. அந்தச் சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் 1542இல் எழுதிய ஒரு கடிதத்தில், எல்லாத் தீமைக்கும் பாவத்துக்கும் வேர் நன்றிகேடுதான் என்கிறார். பெருமையைச் சொல்லவில்லை, பேராசையைச் சொல்லவில்லை, நன்றிகேட்டைச் சொல்கிறார். அவருடைய 'ஆன்மப் பயிற்சி' என்ற தியான நூலின் கடைசித் தியானமும், ஒருவன் தான் பெற்ற கொடைகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்ப்பதில் தொடங்கி, இதற்கு நான் எதைத் திருப்பிக் கொடுப்பேன் என்று கேட்பதில் போய் முடிகிறது.

அதே இஞ்ஞாசியார் சபையின் அமைப்பு விதிகளில் கல்லூரிகளைப் பற்றிய நான்காம் பாகத்தை எங்கே தொடங்குகிறார் தெரியுமா? பாடத்திட்டத்தில் அல்ல, ஆசிரியர் தகுதியில் அல்ல. கல்லூரியை நிறுவியவர்களையும் உதவியவர்களையும் நினைவுகூருவதில் தொடங்குகிறார். வாரந்தோறும் அவர்களுக்காகத் திருப்பலி. கல்லூரி கையளிக்கப்பட்ட நாளில் ஆண்டுதோறும் சிறப்புத் திருப்பலி. அன்றைக்கு நிறுவுநருக்கோ அவருடைய உறவினருக்கோ அவருடைய குலச்சின்னம் பொறித்த மெழுகுதிரி ஒன்று வழங்க வேண்டும். அந்த மெழுகுதிரி நன்றியின் அடையாளம். ஆனால் அது கல்லூரியின் மேல் எந்த ஆதிக்க உரிமையையும் தருவதில்லை, சொத்திலும் உரிமை தருவதில்லை என்று உடனே விளக்கமும் எழுதிவிடுகிறார்.

இதை உங்கள் குழுவில் வாசித்துக் காட்டுங்கள். நானூற்றைம்பது வருடங்களுக்கு மேலாக இருக்கிற தெளிவு இது. நன்றியை வருடம் தவறாமல், பெயர் சொல்லி, எல்லோர் முன்னாலும் செலுத்து. அந்த நன்றியை யாரும் அதிகாரமாக மாற்ற விடாதே. இந்த இரண்டில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்ட நிறுவனங்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். நன்றியே சொல்லாமல் கொடையாளரைக் கறக்கிற இடங்களும் உண்டு, கொடையாளரின் மருமகனுக்கு வேலை போட்டுக் கொடுத்துவிட்டு அதை நன்றி என்று சொல்கிற இடங்களும் உண்டு.

இது நடைமுறையில் எவ்வளவு கடினம் என்பதற்கு வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் கதையைச் சொல்ல வேண்டும். பெயரில் அது கல்லூரிதான், ஆனால் உங்கள் கேள்விக்கு அதைவிடப் பொருத்தமான உதாரணம் தென்னிந்தியாவில் எனக்குத் தெரியாது. அதன் வேர் நம் பக்கத்தில் இருக்கிறது என்பதையும் பலர் அறிவதில்லை. அதை உருவாக்கிய ஐடா ஸ்கடரின் பாட்டனார் ஜோன் ஸ்கடர், அமெரிக்க மிஷன் மருத்துவராக யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் ஊழியம் செய்துவிட்டுத்தான் 1836இல் சென்னைக்குப் போனார். ஐடா இளம் பெண்ணாக இருந்தபோது, ஓர் இரவில் மூன்று வீடுகளிலிருந்து மூன்று ஆண்கள், ஒரு பிராமணர், ஒரு முஸ்லிம், இன்னுமோர் இந்து, பிரசவ வேதனையில் இருந்த தங்கள் மனைவியருக்காகப் பெண் மருத்துவர் தேடி வந்தார்கள். பெண் மருத்துவர் இல்லை. ஆண் மருத்துவரை வீட்டுக்குள் விட அவர்களால் முடியவில்லை. மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அதற்குப் பிறகுதான் ஐடா மருத்துவம் படிக்கப் போனார். ஷெல் என்ற அமெரிக்க வங்கியாளர் இறந்துபோன தன் மனைவியின் நினைவாகக் கொடுத்த பத்தாயிரம் டொலரில் 1902இல் பெண்களுக்கான வைத்தியசாலை திறந்தது. 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி.

1930களின் கடைசியில் சென்னை மாகாண அரசு, பழைய மருத்துவப் பட்டயப் படிப்புகளை நிறுத்திப் பல்கலைக்கழகப் பட்டப்படிப்பாக உயர்த்தச் சொன்னது. அதற்குப் பெரும் பணமும் பெரிய வைத்தியசாலையும் வேண்டும். ஆண்களையும் சேர்த்து, பல திருச்சபைகளும் ஒன்றாகத் தாங்குகிற நிறுவனமாக மாற்றலாம் என்ற யோசனை வந்தது. அமெரிக்காவில் வேலூருக்காக ஊர் ஊராகப் போய்ப் பணம் சேர்த்த லூசி பீபடி இதைக் கடுமையாக எதிர்த்தார். எங்கள் பெண்கள் தந்த காசு இந்தியப் பெண்களுக்காகத் தந்தது, அதை வேறு எதற்கும் திருப்பக் கூடாது என்பது அவர் வாதம். அதை அற்பமான வாதம் என்று நான் சொல்ல மாட்டேன். கொடுத்தவரின் விருப்பத்துக்கு மதிப்புக் கொடுக்க வேண்டும் என்பது நியாயம்தான். ஐடாவோ, தன் வாழ்நாள் முழுக்கத் தோள் கொடுத்த அந்தத் தோழியோடு முரண்பட்டு, மாற்றத்தின் பக்கம் நின்றார். 1942இல் பெண்களுக்குப் பட்டப்படிப்பு தொடங்கியது, 1947இல் ஆண்களும் சேர்ந்தார்கள்.

நோக்கத்தில் நிலைத்தது யார்? ஐடாதான் என்பது என் முடிவு. அன்றிரவு செத்துப்போன மூன்று பெண்களுக்கு அவர் பட்ட கடனைத்தான் கடைசிவரை அடைத்துக்கொண்டிருந்தார். பெண்களுக்கு மட்டும் என்ற ஏற்பாடு அந்தக் கடனை அடைக்க ஒரு காலத்தில் பொருத்தமான வழி. நிறுவனமே மூடப்பட்டுவிட்டால் அந்தப் பெண்களின் பேத்திகளுக்கு என்ன கிடைத்திருக்கும்? நன்றி யாருக்கு என்று தெளிவாகத் தெரிந்திருந்ததால் எதை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. இன்றைக்கும் அங்கே திருச்சபைகளின் பரிந்துரையில் சேரும் மாணவர்கள் படிப்பு முடிந்ததும் மிஷன் வைத்தியசாலைகளில் இரண்டு வருடம் பணி செய்ய வேண்டும் என்ற கட்டுப்பாடு இருக்கிறது. நன்றியை மேடையிலிருந்து இறக்கி வேலை ஒப்பந்தத்துக்குள் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள்.

நோக்கம் எப்படி நழுவுகிறது என்பதற்கும் ஓர் உதாரணம் சொல்கிறேன், இது அமெரிக்காவில் நடந்தது. 1905இல் அன்ட்ரூ கார்னகி கல்லூரிப் பேராசிரியர்களுக்கு ஓய்வூதியம் வழங்க ஒரு கோடி டொலர் ஒதுக்கினார். ஒரு நிபந்தனை, திருச்சபைக் கட்டுப்பாட்டில் இருக்கும் கல்லூரிகளுக்குக் கிடையாது. வயதான பேராசிரியர்கள் கையில் காசில்லாமல் கஷ்டப்பட்ட காலம் அது. அவர்களுக்கு நல்லது செய்ய வேண்டும் என்ற எண்ணத்திலேயே பல கல்லூரிகள் தங்கள் சட்டவிதிகளைத் திருத்தித் திருச்சபைத் தொடர்பை அறுத்துக்கொண்டன. விசுவாசத்தை மறுதலிக்கிறோம் என்று ஒருவரும் எழுந்து நின்று சொல்லவில்லை. கூட்டக் குறிப்பில் ஒரு தீர்மானம் நிறைவேறியது, அவ்வளவுதான். நோக்கம் பெரும்பாலும் இப்படித்தான் போகிறது, நல்ல மனிதர்களின் கையால், நியாயமான ஒரு காரணத்துக்காக, பாதீட்டுக் கூட்டத்தில். உங்கள் பல்கலைக்கழகத்தின் நோக்கத்தைக் காக்க வேண்டுமென்றால் வழிபாட்டு ஒழுங்கை மட்டும் பார்த்துக்கொண்டிருக்காமல் நிதிக்குழுவின் கூட்டக் குறிப்புகளையும் வாசிக்கிற ஆட்கள் வேண்டும்.

இதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு. நோக்கத்தில் நிலைத்திருப்பது என்ற பெயரிலேயே ஒரு நல்ல காரியத்தைக் கொன்றுவிடலாம். அதற்கு நாம் கடல் தாண்டிப் போக வேண்டியதில்லை. 1823இல் அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரி ஆசியாவிலேயே அந்தக் காலத்தில் பேர்பெற்ற உயர்கல்வி நிலையம். கணிதம், வானியல், தமிழ், ஆங்கிலம், சமஸ்கிருதம் எல்லாம் அங்கே நடந்தன. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளான சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும் அங்கே படித்தவர்கள். 1855இல் மிஷனின் தலைமையகத்திலிருந்து வந்த ரூபஸ் அன்டர்சன் குழு, இந்த ஆங்கிலக் கல்வி அரச உத்தியோகத்துக்கு ஆட்களைத்தான் உருவாக்குகிறது, ஊழியத்துக்கு அல்ல என்று முடிவெடுத்தது. அதே வருடம் செமினரி மூடப்பட்டது.

அன்டர்சனின் கவலையில் உண்மை இருந்தது. உள்ளூர்த் திருச்சபைகள் தாய்மொழியில், சொந்தக் காலில் நிற்க வேண்டும் என்ற அவருடைய கொள்கையையும் நான் மதிக்கிறேன். ஆனால் அவர் நோக்கத்தை மிகக் குறுக்கி அளந்தார். தாமோதரம்பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். மிஷன் பள்ளியில் படித்தவர், சைவராக வாழ்ந்தவர், ஏட்டுச் சுவடிகளில் செல்லரித்துக்கொண்டிருந்த பழந்தமிழ் நூல்களைத் தேடி அச்சேற்றியவர். செமினரியை நிறுவியவர்கள் இப்படி ஒரு விளைச்சலைத் திட்டமிட்டிருக்க மாட்டார்கள். அதற்காக அது அவர்களுடைய கொடையின் பலன் இல்லை என்று சொல்லிவிட முடியுமா? ஆண்டவருடைய உலகத்தில் உண்மையான கல்வி எங்கே போய்ச் சேர்ந்தாலும் அது வீண் இல்லை என்று நம்புகிறவன் நான்.

மூடிய பிறகு நடந்ததுதான் உங்கள் கருப்பொருளுக்கு நேரடியாகப் பொருந்துகிறது. செமினரியில் படித்தவர்களும் யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவர்களும் சும்மா இருக்கவில்லை. தாங்கள் பெற்ற கல்வி தங்கள் பிள்ளைகளுக்கும் வேண்டும் என்று கூடிக் கதைத்தார்கள், பணம் சேர்த்தார்கள், மிஷனை மீண்டும் மீண்டும் கேட்டார்கள். 1872இல் அதே வட்டுக்கோட்டையில் யாழ்ப்பாணக் கல்லூரி ஹேஸ்டிங்ஸ் போதகரை அதிபராகக் கொண்டு திறந்தது. தலைமையகம் கைவிட்ட நோக்கத்தைப் பழைய மாணவரின் நன்றி திரும்ப நிலைநாட்டியது. நிறுவனத்தின் நோக்கத்தைக் காப்பவர்கள் ஆளுநர் சபையில் மட்டும் இருக்கிறார்கள் என்று எண்ண வேண்டாம்.

இனி, கொஞ்சம் கஷ்டமான பகுதி. நிறுவுநர் நாள் பேச்சுகளில் இதை யாரும் தொட விரும்புவதில்லை.

திருகோணமலையில் வளர்ந்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பிரெட்ரிக் கோட்டை வாசலுக்குள்ளால் நடந்துதான் நாம் கோணேசர் கோவில் இருக்கும் சுவாமிமலைக்குப் போகிறோம். 1620களில் போர்த்துக்கேயர் கோணேசர் கோவிலை இடித்தார்கள், அந்தக் கற்கள் கோட்டைக்குள் போயின. இடித்தவர்கள் சிலுவை பொறித்த கொடியோடு வந்தவர்கள். இந்த ஊரில் ஒரு கிறிஸ்தவன் நம் முன்னோரின் கொடைகளுக்காக நன்றி சொல்கிறேன் என்று எழுந்து நிற்கும்போது, கேட்டுக்கொண்டிருக்கும் அயலவரின் மனதில் அந்தக் கற்களும் இருக்கும். போர்த்துக்கேயர் வேறு, பின்னால் வந்த மிஷனரிமார் வேறு என்பது உண்மைதான். ஆனாலும் நமக்கு வசதியான முன்னோரை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொள்வது நன்றியாகாது. முழு வரலாற்றையும் தெரிந்துகொண்டு, வெட்கப்பட வேண்டியதற்கு வெட்கப்பட்டு, அதற்குப் பிறகும் நன்றி சொல்ல முடிந்தால்தான் அந்த நன்றிக்குக் கனம் இருக்கும்.

பல்கலைக்கழகங்களுக்கும் இது பொருந்தும். 1701இல் கனெக்டிகட்டில் சில போதகர்கள் தொடங்கிய ஒரு சிறிய கல்லூரிக்கு, 1718இல் எலிஹு யேல் என்பவர் ஒன்பது பொதி சரக்குகளும் நானூறுக்கு மேற்பட்ட புத்தகங்களும் அனுப்பினார். சரக்கை விற்று 562 பவுண் கிடைத்தது. கல்லூரிக்கு அவர் பெயரையே வைத்தார்கள். இந்த யேல் அதற்கு முன் சென்னைப் புனித ஜோர்ஜ் கோட்டையில் 1687 முதல் 1692 வரை கிழக்கிந்தியக் கம்பனியின் ஆளுநர். அவருடைய பெருஞ்செல்வம் தமிழ் மண்ணில் சேர்ந்தது. அவர் நிர்வாகத்தின் கீழ் சென்னைத் துறைமுகத்திலிருந்து அடிமைகளும் கப்பலேற்றப்பட்டார்கள். அந்தப் பெயர் உலகப் புகழ் பெற்றது. சோழமண்டலக் கரையில் நெய்தவர்களும் கப்பலில் ஏற்றப்பட்டவர்களும் எந்த நினைவு நாளிலும் வரவில்லை. 2024இல்தான் அந்தப் பல்கலைக்கழகம் அடிமை முறையோடு தனக்கிருந்த தொடர்புக்காக முறையாக மன்னிப்புக் கேட்டது. முந்நூறு வருடம் பிந்தினாலும் அது நல்ல காரியம். உங்கள் பல்கலைக்கழகத்தின் பழைய ஆவணங்களையும் யாராவது ஓர் இளம் ஆய்வாளர் நேர்மையோடு வாசிக்கட்டும். காணி யாருடையதாக இருந்தது, கட்டடத்துக்குக் கல் சுமந்தது யார், ஆரம்பத்தில் எந்தச் சாதிப் பிள்ளைகளைச் சேர்த்தார்கள், எந்தப் பிள்ளைகளைத் தனியாக இருத்தினார்கள் என்பதெல்லாம் அதில் வரும்.

கல் சுமந்தவர்களைச் சொன்னேன். நம் திருச்சபைகளில் பிடியரிசி என்று ஒரு வழக்கம் இருந்தது, இன்றும் சில ஊர்களில் இருக்கிறது. உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்து வேறாக வைத்து, வாரக் கடைசியில் கோவிலுக்குக் கொண்டுவந்து கொடுப்பார்கள். அப்படிச் சேர்ந்த அரிசியை விற்ற காசு எத்தனை பள்ளிகளுக்குக் கூரையாகவும் ஊழியருக்குச் சம்பளமாகவும் போயிருக்கிறது. அந்தப் பெண்களின் பெயர் எந்தப் பளிங்குக் கல்லிலும் இல்லை. அதேபோல, உங்கள் நிறுவனம் அரசு உதவி பெறும் கல்லூரியாக இருந்து வளர்ந்தது என்றால், ஆசிரியர் சம்பளம் பல தலைமுறைகளாகப் பொதுமக்களின் வரிப்பணத்திலிருந்து வந்திருக்கும். அந்த வரி செலுத்தியவர்களில் பெரும்பாலானோர் இந்துக்கள். இந்திய அரசியலமைப்பின் 30 ஆம் உறுப்புரை சிறுபான்மையினருக்குத் தங்கள் கல்வி நிறுவனங்களை நிறுவி நடத்தும் உரிமையைத் தந்திருக்கிறது. அதுவும் பெரும்பான்மை மக்கள் கூடியிருந்த ஒரு சபை தந்த கொடைதான். இஞ்ஞாசியாரின் மெழுகுதிரி யார் யாருக்குப் போக வேண்டும் என்று பட்டியல் போட்டால் அது மிக நீளமாக வரும், தம்பி.

எனக்கு நோக்கத்தை அளக்க ஓர் எளிய வழி உண்டு. முகப்பில் எழுதியிருக்கும் வாசகத்தை வாசித்துவிட்டு, கழிவறை கழுவுகிற அம்மாவுக்கு மாதச் சம்பளம் என்ன, அது எந்தத் திகதியில் கைக்கு வருகிறது, நோய் வந்தால் அவருக்கு லீவு உண்டா என்று கேளுங்கள். ஒப்பந்தக் கம்பனியிடம் கொடுத்துவிட்டோம், எங்களுக்குத் தெரியாது என்று பதில் வந்தால், அந்த வாசகத்தை நம்ப எனக்கு மனம் வராது. அடுத்ததாகச் சேர்க்கை. முதல் தலைமுறையாகப் படிக்க வரும் பிள்ளை, கட்டணத்துக்குப் பயந்து விண்ணப்பப் படிவமே வாங்காமல் திரும்பிப் போகிறதா? புலமைப்பரிசில் கொடுக்கிறார்கள் என்றால், அந்தப் பிள்ளையை வருடத்துக்கு ஒருமுறை மேடையில் நிறுத்திக் கொடையாளருக்கு மாலை போடச் செய்கிறார்களா? இதை மட்டும் தயவுசெய்து செய்ய விடாதீர்கள். நன்றியைப் பிள்ளையிடமிருந்து பிடுங்கக் கூடாது. உதவி வாங்கியவன் என்ற அடையாளத்தோடு மூன்று வருடம் வளாகத்தில் நடக்கிற பிள்ளையின் மனதில் நன்றி முளைக்காது, கூச்சம்தான் முளைக்கும். சத்தமில்லாமல் கொடுத்துவிட்டுப் பாருங்கள். இருபது வருடம் கழித்து அந்தப் பிள்ளை தானாக வந்து இன்னொரு பிள்ளைக்குக் கட்டணம் கட்டும். நம் ஊரிலேயே இப்படிக் கட்டிக்கொண்டிருப்பவர்களை எனக்குத் தெரியும், அவர்களும் சத்தமில்லாமல்தான் செய்கிறார்கள்.

நம் இலங்கையில் உங்களைப் போன்றவர்கள் வேலை செய்கிற மாதிரியான கிறிஸ்தவப் பல்கலைக்கழகங்கள் வளரவில்லை. உயர்கல்வி பெரும்பாலும் அரசோடு வளர்ந்தது. நமக்குத் தெரிந்ததெல்லாம் மிஷன் பாடசாலைகள்தான். 1960, 1961 ஆம் ஆண்டுச் சட்டங்களால் அவற்றில் பெரும்பாலானவற்றை அரசாங்கம் பொறுப்பேற்றது. கிறிஸ்தவப் பாடசாலைகள் மட்டும் போகவில்லை, கிழக்கில் இராமகிருஷ்ண மிஷன் நடத்திய பாடசாலைகளும் போயின. திருச்சபைகளில் அப்போது பெரிய துக்கம். ஆனால் திருகோணமலையில் புனித சூசையப்பர் கல்லூரி, புனித மரியாள் கல்லூரி, மெதடிஸ்த பெண்கள் கல்லூரி என்ற பெயர்கள் இன்றும் மக்கள் வாயில் அன்போடு வருகின்றன. அந்த வகுப்பறைகளில் இந்துப் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும் கிறிஸ்தவப் பிள்ளையும் பக்கத்துப் பக்கத்து வாங்கில் இருந்து படித்தவர்கள். உறுதிப்பத்திரம் கைமாறிய பிறகும் எவ்வளவோ மிஞ்சியது, ஆசிரியர்களின் பழக்கத்தில் அது இருந்தபடியால். பின்நேரம் நின்று பலவீனமான பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிற பழக்கம், பள்ளிக்கு வராத பிள்ளையின் வீட்டுக்குப் போய் விசாரிக்கிற பழக்கம். சட்டத்தால் எடுக்க முடியாத இடத்தில் நோக்கத்தை வைத்தவர்கள் அந்தப் பழைய ஆசிரியர்கள். உங்கள் பல்கலைக்கழகத்தில் அப்படிப்பட்ட பழக்கங்கள் எவை என்று கண்டுபிடித்து, அவற்றைப் புதிதாகச் சேரும் விரிவுரையாளருக்கு யார் கற்றுக்கொடுக்கிறார்கள் என்று பாருங்கள். பணியமர்த்தும்போது ஆய்வுக் கட்டுரைகளின் எண்ணிக்கையைக் கேட்கிற குழு, இதையும் கேட்கிறதா?

நிகழ்ச்சிக்கு என்ன செய்யலாம் என்றும் கேட்டிருப்பீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். தொடக்க ஆவணத்தை, அது எவ்வளவு பழைய நடையில் இருந்தாலும், அன்றைக்குச் சத்தமாக வாசிக்கச் செய்யுங்கள். அதைக் கேட்காமலே ஓய்வு பெற்றுப் போகிற பேராசிரியர்கள் பலர். கொடையாளரின் பெயர்களோடு, சமையற்கூடத்திலும் காவலிலும் நூலகத்திலும் நெடுங்காலம் வேலை செய்தவர்களின் பெயர்களையும் அதே குரலில், அதே பட்டியலில் வாசியுங்கள். வேறு பட்டியல் வேண்டாம். துணைவேந்தரோ அதிபரோ, கடந்த வருடம் எடுத்த ஒரு கடினமான முடிவைச் சொல்லி, அது தொடக்க நோக்கத்தோடு எப்படிப் பொருந்துகிறது என்று பத்து நிமிடம் விளக்கட்டும். பிரதம விருந்தினர் உரையைவிட அது பயனுள்ளதாக இருக்கும்.

முஸ்லிம் சகோதரியை அழைக்கலாமா என்று கேட்டீர்கள். தாராளமாக அழையுங்கள். ஒரு கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்துக்குத் தன் அடையாளத்தைக் காக்கிற உரிமையும் பொறுப்பும் உண்டு என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. 1990இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்களுக்காக வெளியிட்ட சட்ட ஏடு, கத்தோலிக்கரல்லாத ஆசிரியர்கள் பெரும்பான்மையாகிவிடக் கூடாது என்று வெளிப்படையாகவே சொல்கிறது. அதே ஏடு, மற்றச் சமய ஆசிரியர்கள் அங்கே இருப்பார்கள் என்பதை இயல்பாக எடுத்துக்கொண்டு, அவர்கள் நிறுவனத்தின் அடையாளத்தை மதிக்க வேண்டும், நிறுவனம் ஒவ்வொருவரின் மனச்சாட்சியின் சுதந்திரத்தையும் முழுமையாக மதிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. நெடுங்காலமாக உங்களோடு நின்று படிப்பிக்கிறவர் அந்த நோக்கத்தை ஏற்கெனவே தன் உழைப்பால் தாங்கிக்கொண்டிருக்கிறார். இயேசு குணமாக்கிய பத்துக் குஷ்டரோகிகளில் திரும்பி வந்து நன்றி சொன்னவன் ஒருவன்தான், அவன் சமாரியன். வேற்றுச் சமயத்தான் என்று ஒதுக்கப்பட்டவனின் நன்றியை ஆண்டவரே எடுத்துக்காட்டியிருக்கும்போது நாம் தயங்குவதற்கு இடமில்லை.

ஆனால் அழைக்கிற முறையைக் கவனியுங்கள். எங்களைப் புகழ்ந்து ஒரு முஸ்லிமும் பேசினார் என்று காட்டுவதற்காக அவரை மேடையேற்றக் கூடாது. ஜெபம் செய்யும்படியோ வேதவாசகம் வாசிக்கும்படியோ கேட்காதீர்கள், அவரைச் சங்கடப்படுத்தும். ஒரு மாதத்துக்கு முன்பே நேரில் போய்க் கேளுங்கள், தொலைபேசியில் வேண்டாம். முடியாது என்றால் காரணம் கேட்காமல் விட்டுவிடுங்கள். பேச ஒத்துக்கொண்டால், இந்த நிறுவனத்தில் அவர் கண்ட நல்லதோடு, அது தன் வாசகத்துக்கு ஏற்ப நடக்காத இடங்களையும் அவர் விரும்பினால் சொல்லலாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அவர் எழுதியதைக் குழு திருத்தக் கூடாது. நோன்புக் காலத்தில் நாள் விழுந்தால் நிகழ்ச்சி முடிந்து சாப்பாடு எத்தனை மணிக்கு என்பதையும் யோசித்து வையுங்கள்.